மூன்றாவது தட்டு

"இன்னும் கொஞ்சம் சாய்ங்க. அந்தப் பக்கம் இல்ல, உங்க பக்கம். சுவரு இடிக்குது."

மிட்ரோ சொல்லிக்கொண்டே முழங்கையால் சுவரைத் தடுத்தார். சவப்பெட்டியின் முன்பாதி கூடத்துக்குள் வந்துவிட்டது. பின்பாதி நடையிலேயே சிக்கிக்கொண்டு நின்றது. அவர் மனைவி டோகியா கோட்டு மாட்டும் கம்பத்தைத் தூக்கிப் போய் அடுக்களைச் சுவரில் சாத்தினாள். இடம் கிடைத்தது. பெட்டியை டிவி இருந்த இடத்தில், இரண்டு பெஞ்சுகளின் மேல் இறக்கினார்கள்.

சவ ஊர்தியை ஓட்டி வந்தவர் டவுனைச் சேர்ந்த இங்கிலீஷ்காரர். வெளியே அவ்வளவு குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

"நாங்க நேரா சர்ச்சுக்குத்தான் கொண்டுபோவோம்மா," என்றார். "வீட்டுக்குக் கொண்டுவந்து திரும்ப எடுக்கிறதெல்லாம் விட்டுப்போய் ரொம்ப வருஷமாச்சு."

"விட்டுப்போனதைத்தான் இவ தேடிப்பிடிச்சுக்கிட்டு வருவா," என்றார் மிட்ரோ, பெட்டியைக் காட்டி. "படிப்பே அதுதான்."

ஓட்டி வந்தவர் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வெளியே போனார்.

டோகியா அக்காவைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி இல்லாத ஸெனோவியா யாரோ போலிருந்தாள். உதட்டில் யாரோ சாயம் பூசியிருந்தார்கள். டோகியா ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வளைந்திருந்தது. டேப்பை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி நிறுத்தி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிய விரல். டோகியா அதை அழுத்திப் பார்த்தாள். படியவில்லை.

போன வாரம் எட்மன்டன் ஆஸ்பத்திரியில் அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"என்னை வீட்டிலேருந்து எடுங்க, டோகியா. பழைய மாதிரி. வாசப்படியில மூணு தட்டு. ஓனுஃப்ரி என் பேரால மன்னிப்புக் கேக்கட்டும். எல்லார்கிட்டயும்."

"சொல்றேன்."

"வசிலினா வரணும். அவ வாயால சொல்லணும்."

டோகியா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு சுளையைப் பிரிக்க அவளால் முடியவில்லை.

பழைய நாட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. பெட்டியை வீட்டைவிட்டு எடுக்கும்போது வாசற்படியில் மெல்ல மூன்று முறை இடிப்பார்கள். ஒவ்வொரு இடிக்கும், கோயிலில் பாடுகிறவர், இங்கே ஓனுஃப்ரி, செத்தவரே பேசுவதுபோல் மன்னிப்புக் கேட்பார். கூடியிருப்பவர்கள் 'கடவுள் மன்னிப்பார்' என்று பதில் சொல்ல வேண்டும். வந்தும் வாய் திறக்காதவர் இருந்தால் அந்த மனக்குறை பெட்டியோடு குழிக்குள் போய்விடும் என்பார்கள். ஸெனோவியா இதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தாள். அவள் அதை நம்பினாளா என்று டோகியாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டது அக்காவா, அந்த அத்தியாயத்தை எழுதியவளா என்பதும் தெரியாது.

இரண்டு பேரும் பிறந்தது இதே பண்ணையில். டோகியா எட்டாவதோடு நின்று மாடு பார்த்தாள். ஸெனோவியா படித்து, பக்கத்துக் கிராமத்தில் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனாள். கோடை விடுமுறை வந்தால் கன்றுக்குட்டி கனம் கனக்கும் டேப் மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவாள். பழைய நாட்டை விட்டுக் கப்பலில் முதலில் வந்து குடியேறியவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். கல்யாணப் பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு, கப்பலில் பேன் பார்த்த கதை, முதல் குளிர்காலத்தில் மண்ணைத் தோண்டி அதற்குள் குடியிருந்த கதை என்று எதையும் விடமாட்டாள். கிழவர்கள் குடித்துவிட்டுக் கெட்ட பாட்டுப் பாடினால் முகம் மாறாமல், "இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவா" என்பாள். அவர்களே வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் முதலில், இதெல்லாம் ஒரு படிப்பா, சமையல்கட்டு வம்பு என்றார்கள். அவள் விடவில்லை. கடைசியில் அதற்கென்று ஒரு துறையே வந்தது. அவள் பேராசிரியை ஆனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் கார் வருவதைப் பார்த்தால் ஊரில், "வாயை மூடுங்கடி, பிடுங்கிட்டுப் போக வர்றா" என்பார்கள். அது பாதி விளையாட்டுத்தான் அப்போது.

ஒப்பாரி மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. சாவு வீட்டில் மெஷினை வைக்க விடமாட்டார்கள். சாவில்லாத வீட்டில் யாரும் பாடமாட்டார்கள். ஆளில்லாமல் ஒப்பாரி வைத்தால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும்.

எதிர்ப் பண்ணை வசிலினாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்த நல்ல தொண்டை. ஒரு ஜூன் மாதம், டோகியாவின் அடுக்களையில்தான் அவளை உட்கார வைத்தாள் ஸெனோவியா. இரைச்சல் பதிவாகிறது என்று குளிர்ப்பெட்டியின் வயரைப் பிடுங்கச் சொன்னாள். டோகியா பிடுங்கினாள்; பாலெல்லாம் கெட்டுப்போகுமே என்பதோடு அவள் கவலை அன்றைக்கு நின்றது. வசிலினா செத்துப்போன தன் அம்மாவுக்குப் பாடியதை ஒருவாறு பாடி முடித்தாள்.

"இது வயசானவங்களுக்கு," என்றாள் ஸெனோவியா. "தாய் மகனுக்கு வைக்கிறது ஒண்ணுகூட என்கிட்ட இல்ல."

"வேண்டாம் ஸேனா," என்றாள் வசிலினா.

"சும்மா வார்த்தைதானே. உங்களோட போயிடும், அப்புறம் யாருக்கும் தெரியாது."

"பேரில்லாம வராது. யாரைக் கூப்பிட்டு அழறது?"

"ஏதோ ஒரு பேரு."

வசிலினா ஜன்னல் பக்கம் திரும்பினாள். சாலைக்கு அப்பால் அவள் மகன் யூர்கோ டிராக்டரில் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஞானத்தாய் டோகியா. வசிலினா கண்ணை மூடிக்கொண்டு அவன் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள். கருவாலி மரத்தில் கட்டிய ஜன்னலில்லாத வீடு, கண்ணீரால் கழுவிய மாலை, மண்ணைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை என்று போயிற்று. முடித்துவிட்டு, "என்னைப் பாடா படுத்துறா உங்க அக்கா" என்று சிரித்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். தேநீர் குடித்தார்கள்.

செப்டம்பரில், அறுவடை முடிகிற நேரத்தில், யூர்கோ தானியக் குதிருக்குள் இறங்கினான். கீழே இயந்திரம் கோதுமையை இழுத்துக்கொண்டிருந்தது. கோதுமை அவனையும் இழுத்துக்கொண்டது.

சவ அடக்கத்தன்று வசிலினா பெட்டிக்கு முன்னால் வாயைத் திறந்தாள். ஊரே காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். குழி மூடும்வரை அவள் திறக்கவில்லை. அடக்கத்துக்குப் பிறகு வழக்கப்படி தேன் ஊற்றிய கோதுமையை எல்லாருக்கும் ஒரு கரண்டி கொடுத்தபோது, கிண்ணத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

அப்போதாவது அந்த ஒப்பாரியை விட்டுவிடும்படி டோகியா கெஞ்சினாள். "முழுசா இருக்கிறது அது ஒண்ணுதான்," என்றாள் ஸெனோவியா. புத்தகத்தில் அது வந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் வந்தது: பாடியவரின் மகன் அதே ஆண்டு அறுவடையின்போது இறந்தார், ஊரார் இரண்டையும் தொடர்புபடுத்திப் பேசுகின்றனர்.

அந்தப் புத்தகத்துக்குப் பதக்கம் கிடைத்தது.

அதிலிருந்து இரண்டு வீட்டு ஜன்னல்களும் எதிரெதிரே இருந்தும் பேச்சில்லை. குளிர்காலத்தில் வசிலினா வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று டோகியா தினமும் காலையில் பார்ப்பாள். வந்தால் ஆள் இருக்கிறாள். அவ்வளவுதான்.

நேற்றுதான் டோகியா சாலையைத் தாண்டினாள். வசிலினா படிக்கட்டில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, ஸேனா போயிட்டா."

"ரேடியோவுல சொன்னான்."

"நாளைக்கு வீட்டிலேருந்து எடுக்கிறோம். மூணு தட்டு உண்டு. நீங்க வரணும்னு கடைசியா சொன்னா."

வசிலினா பனியை வாரி வேலிக்கு அந்தப்புறம் வீசினாள்.

"கேக்குறது அவளா, அவ புஸ்தகமா?"

"தெரியலக்கா," என்றாள் டோகியா. "அவளுக்காகக் கேக்கல. நான் இங்கதான் கிடக்கணும். இனிமே இந்தச் சாலையில நீங்களும் நானும்தான். உங்க வீட்டுப் பக்கம் திரும்பாம திரும்பாம எனக்குக் கழுத்து மரத்துப்போச்சு."

"நீதான் அன்னிக்கு வயரைப் பிடுங்கினே."

"ஆமா."

வசிலினா அப்போதுதான் அவளைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான்.

"போ. குளிருது. வருவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது."

இப்போது வீடு நிரம்பத் தொடங்கியது. பூட்ஸ்கள் நடையில் குவிந்தன. பக்கத்துப் பண்ணை ஹன்யா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு டோகியாவின் காதருகே வந்தாள்.

"நல்லாத்தான் வெச்சிருக்கான். உங்கக்கா வாய் மூடி நான் பார்த்ததே இல்ல."

"ஹன்யா."

"சரி சரி. எங்கப்பா பாட்டெல்லாம் எடுத்துட்டுப் போனா, ஒரு தடவை திரும்பப் போட்டுக் காட்டினாளா? கோயில் கூடத்துல சாப்பாடு ரெடி. முட்டைக்கோஸ் சுருட்டு மட்டும் கொஞ்சம் காரம். நான் செய்யல, அதைச் சொல்லிடறேன்."

ஓனுஃப்ரி ஜெபப் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். பாதிரியார் கோயிலில் காத்திருக்கிறார். வீட்டு வாசல் வரை ஓனுஃப்ரி பொறுப்பு. டோகியா ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தாள். எதிர் வீட்டு வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

நடைக்கு வெளியே, கண்ணாடி போட்ட முகப்பறையில் யாரோ நாற்காலி மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். லாரிஸா. ஸெனோவியாவிடம் படித்து, இன்று அவள் இடத்திலேயே பாடம் நடத்துகிறவள். நகரத்துப் பெண், நாற்பது வயதுக்கு மேலிருக்கும், அழுது மூக்கு சிவந்திருந்தது. சுவர்க் கொக்கியில் பஞ்சு சுற்றிய மைக் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வயர் அடுக்களை வரைக்கும் போனது.

"என்னம்மா இது?"

"டீச்சர் சொன்னாங்க ஆன்ட்டி. மூணு தட்டை இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணினதில்ல. எல்லாம் சொல்லக் கேட்டு எழுதினதுதான். 'என்னோடதையாவது எடு'ன்னாங்க."

"எப்போ சொன்னா?"

"போன வாரம். ஆஸ்பத்திரியில."

அதே வாரம். அதே கட்டில். காலையில் தங்கையிடம் ஒன்று, மாலையில் இவளிடம் ஒன்று.

"வண்டி வருது," என்றார் மிட்ரோ.

எதிர் வீட்டு வண்டி சாலையைத் தாண்டி முற்றத்தில் வந்து நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வசிலினா கறுப்பு முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. டோகியா கோட்டுப் போடாமலேயே ஓடினாள். வசிலினா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"அந்த ஜன்னல்ல தொங்குறது என்ன?"

டோகியா திரும்பிப் பார்த்தாள். முகப்பறைக் கண்ணாடிக்குள் சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தது.

"அக்கா, சத்தியமா எனக்கு இப்பதான்..."

"என் மன்னிப்பும் டேப்புல வேணுமா அவளுக்கு?" வசிலினாவின் குரல் உயரவில்லை. "அதுக்குக் கீழேயும் பொடி எழுத்துல எழுதுவாங்களா?"

கண்ணாடி ஏறியது. வண்டி பின்னுக்கு நகரவில்லை, முன்னுக்கும் வரவில்லை.

டோகியா உள்ளே போனாள். லாரிஸா அடுக்களையில் மெஷின் முன்னால் காதுக் கருவியோடு உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துடும்மா."

"ஆன்ட்டி, இது அவங்க கடைசி ஆசை."

"கடைசி ஆசை ரெண்டு சொல்லிட்டுப் போயிருக்கா. ரெண்டும் சேராது."

"அவங்க வாழ்க்கையே இதுதானே. முப்பது வருஷம் இதுக்காகத்தானே..." லாரிஸாவின் கன்னத்தில் மறுபடி கண்ணீர் இறங்கியது. "ஒரு மூலையில வெச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

"அவளும் அப்படித்தான் சொல்லுவா."

டோகியா கூடத்துக்கு வந்து பெட்டிக்குள் பார்த்தாள். சாயம் துடைத்த உதடு. வளைந்த விரல். எது நிஜமான ஆசை என்று அந்த முகத்தில் ஏதாவது தெரியுமா என்று நின்றாள். அக்கா ஒருநாளும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. இரண்டும் வேண்டும் என்றுதான் இருந்திருப்பாள்.

டோகியா முகப்பறைக்குப் போய் நாற்காலி மேல் ஏறினாள். மைக்கை அவிழ்க்கத் தெரியவில்லை. இழுத்தாள். கொக்கியோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து சுண்ணாம்பு தலையில் உதிர்ந்தது. வயரைச் சுருட்டிக்கொண்டே அடுக்களை வரை போய், மெஷினைக் கையில் எடுத்து லாரிஸாவின் மடியில் வைத்தாள்.

"கார்ல வெச்சுட்டு வா. காரை வெளியில, சாலையில நிறுத்து. ஸேனா ஆசையைத் தட்டின பாரம் என் மேல இருக்கட்டும்."

லாரிஸா மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் கார் முற்றத்தைவிட்டு வெளியேறிச் சாலையில் போய் நிற்கும்வரை வசிலினா அசையவில்லை. பிறகு இன்ஜின் நின்றது.

அவள் உள்ளே வந்தபோது ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் கூடத்துக்கு வரவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. முகப்பறையிலேயே, வெளிக்கதவுக்குப் பக்கத்தில், கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

பெட்டியை மூடி ஆறு பேர் தூக்கினார்கள். மிட்ரோ முன்னால் நின்றார். நடையைக் கடந்து, முகப்பறைக்கு இறங்கும் வாசற்படியில் பெட்டியின் கால்மாட்டை இறக்கினார்கள். மரம் மரத்தில் இடித்தது.

"என்னோடு பிறந்தவளே, என் வீட்டாரே," என்றார் ஓனுஃப்ரி. கிழவரின் குரலில் அதைக் கேட்க விசித்திரமாக இருந்தது. "நான் போகிறேன். சொல்லாலும் செயலாலும் நான் செய்ததை மன்னியுங்கள்."

"கடவுள் மன்னிப்பார்," என்றாள் டோகியா. மிட்ரோவும் சொன்னார்.

இரண்டாவது தட்டு.

"என்னிடம் படித்தவர்களே, எனக்குப் பாடியவர்களே, உங்கள் வீட்டில் நான் சாப்பிட்டேன், உங்கள் பேச்சை எடுத்துக்கொண்டேன். மன்னியுங்கள்."

அது அவராகச் சேர்த்ததாக இருக்க வேண்டும். கூடம் முழுக்க, "கடவுள் மன்னிப்பார்" என்றது. ஹன்யாவின் குரல் எல்லோருக்கும் முன்னால் வந்தது.

மூன்றாவது தட்டு.

"அண்டை அயலாரே." ஓனுஃப்ரி தொண்டையைச் செருமினார். "நான் காயப்படுத்தியவர்களே. மன்னியுங்கள்."

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். டோகியா வசிலினாவின் வாயையே பார்த்தாள். அது திறந்தது. ஒன்றும் வரவில்லை. மூடியது. பெட்டியைப் பிடித்திருந்தவர்கள் கைமாற்றிக்கொண்டார்கள்.

"யூர்கோ," என்றாள் வசிலினா.

பேசுவதுபோல்தான் சொன்னாள். அப்புறம் அது நீண்டது.

"யூர்கோ, நீ பாதி கடிச்ச ஆப்பிளை வண்டியில வெச்சிட்டுப் போனியே, நான் அதைப் பன்னிக்குப் போட்டுட்டேன்டா. உன் பல்லுப் பட்டதுன்னு தெரியாமப் போட்டுட்டேன். யூர்கோ, தலைமுடி வெட்டிக்கடான்னு காலையில உன்னைத் திட்டினேன், அந்த முடியைப் பிடிச்சுத்தான்டா உன்னை வெளியில இழுத்தேன். வாயெல்லாம் கோதுமை, யூர்கோ. நான்தான் விரலை விட்டு எடுத்தேன், எடுக்க எடுக்க இருந்துச்சு, என் கண்ணு, எடுக்க எடுக்க இருந்துச்சு."

கருவாலி மர வீடு இல்லை. மாலை இல்லை. ஒரு வரி முடியும் இடத்தில் மூச்சு உடைந்து அடுத்த வரிக்கு ஏறியது. ஸெனோவியாவின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் வரவில்லை. ஓனுஃப்ரி தலையைக் குனிந்துகொண்டார். ஹன்யா முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். வெளியே சாலையில் லாரிஸா கார் கதவருகே, கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. பெட்டி வாசற்படியில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக இருந்தது. தூக்கியிருந்தவர்களில் ஒருவனுக்கு முழங்கை நடுங்கியது.

"அக்கா," என்றார் மிட்ரோ மிக மெதுவாக. "கை விட்டுப்போகுது."

வசிலினா நிறுத்தினாள். கையுறையின் புறத்தால் மூக்கைத் துடைத்தாள். தான் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பவள்போல் சுற்றிலும் பார்த்தாள். டோகியாவைப் பார்த்தாள்.

ஆறு பேரும் பெட்டியைத் தூக்கி முகப்பறைக்குள் வந்தார்கள். வெளிக்கதவு ஸ்பிரிங் வைத்தது, பிடிக்காவிட்டால் தானே சாத்திக்கொள்ளும். பிடிக்க யாருக்கும் கை காலியில்லை. மிட்ரோ காலால் தள்ளிப் பார்த்தார். காற்று அதைத் திருப்பி அறைந்தது.

வசிலினா கதவைத் தள்ளித் திறந்து, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். பனி உள்ளே அடித்தது. பெட்டி அவள் கோட்டுப் பித்தான்களை உரசிக்கொண்டு போனது. அவள் வயிற்றை எக்கி இடம் விட்டாள்.